மூட்டையில் எழுதிய புரதமும் மாட்டுக்குக் கிடைக்கும் புரதமும்

சத்து அட்டவணை ஒன்றில், 100 கிலோ வைக்கோலில் ஏறத்தாழ 3.6 கிலோ புரதம் இருப்பதாகப் போட்டிருக்கும். இன்னோர் அட்டவணையில், வெட்டிய ஈரத்தோடு எடைபோட்ட 100 கிலோ தட்டைப்பயறுத் தழையில் 2.7 கிலோ புரதம் என்று இருக்கும். இரண்டு எண்களும் சரியானவை. ஆனால் அவற்றை அப்படியே ஒப்பிட்டு, வைக்கோல்தான் சத்தானது என்று தழையை நிறுத்தினால், சில வாரங்களிலேயே பால் வற்றும், மாட்டின் விலா எலும்பு தெரியும்.

அதேபோல், 20 சதவீதப் புரதம் என்று அச்சிட்ட இரண்டு கலப்புத் தீவன மூட்டைகள் ஒரே பலனைத் தருவதில்லை. தீவனச் சத்து பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி, எண் எதை அளக்கிறது என்று கேட்காமல் எண்ணை மட்டும் படிப்பதால் வருகிறது. ஆகவே அளவுகோல்களிலிருந்தே தொடங்குவோம்.

நான்கு அளவுகோல்கள்

1. உலர்பொருள். தீவனத்திலிருந்து தண்ணீர் முழுவதையும் நீக்கினால் எஞ்சுவது. சத்து எல்லாம் இதில்தான் இருக்கிறது. வைக்கோலிலும் பிண்ணாக்கிலும் உலர்பொருள் சுமார் 90 சதவீதம். பச்சைப் புல்லில் 15 முதல் 25 சதவீதம். நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவில் 5 முதல் 7 சதவீதம்தான். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் முதலில் சொன்ன புதிர் அவிழ்ந்துவிடும்: வைக்கோலின் உலர்பொருளில் புரதம் 4 சதவீதம், தட்டைப்பயறுத் தழையின் உலர்பொருளில் 18 சதவீதம். நான்கு மடங்குக்கும் மேல்.

அசோலாவைப் பற்றிய மிகையான நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. அதன் உலர்பொருளில் 25 சதவீதம் வரை புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் 2 கிலோ பச்சை அசோலாவில் உலர்பொருள் 120 கிராம், புரதம் 30 கிராம். 75 கிராம் கடலைப் பிண்ணாக்கில் அதே அளவு புரதம் கிடைத்துவிடும். அசோலா நல்ல துணைத் தீவனம். தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்துக்கு மாற்று என்று விளம்பரப்படுத்துவது தவறு.

2. கச்சாப் புரதம். மூட்டைகளில் அச்சிடப்படுவது இதுதான். பெயரில் உள்ள 'கச்சா' என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. டென்மார்க்கின் வேதியியலாளர் யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறையின் வழியாக நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்பதால் இந்தப் பெருக்கல்.

இதன் விளைவு என்ன? நைட்ரஜன் உள்ள எந்தப் பொருளும் இந்தச் சோதனையில் புரதமாகவே தெரியும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் 287 சதவீதம் வருகிறது. நூறு கிலோ யூரியாவுக்குள் 287 கிலோ புரதம் இருக்க முடியாது. ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்லும். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருளான மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 2007-இல் வட அமெரிக்காவில் நாய், பூனைகளின் உயிரைப் பறித்த தீவனத்திலும், 2008-இல் சீனாவில் குழந்தைகளைப் பாதித்த பால் மாவிலும் அதைக் கலந்தவர்கள் இந்தப் பெருக்கலைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். அது அறியாமல் நேர்ந்த பிழை அன்று. சோதனை முறையை நன்றாக அறிந்தவர்கள் செய்த குற்றம்.

3. மொத்தச் செரிமானச் சத்து. தீவனத்திலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலைக் குறிக்கும் பழைய, எளிய அளவு. மக்காச்சோள மணியில் 85 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வைக்கோலில் 40 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மனிதர்கள் புரதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் பால் குறையும்போது குற்றவாளி பல நேரங்களில் ஆற்றல் பற்றாக்குறைதான்.

4. நார்ச்சத்து. 1860-களில் ஜெர்மனியின் வெண்டே ஆய்வு நிலையத்தில் உருவான பகுப்பாய்வு, நாரைக் 'கச்சா நார்' என்ற ஒற்றை எண்ணாகத் தந்தது. அந்த முறையில் லிக்னினின் ஒரு பகுதி கரைந்து கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது. லிக்னின் என்பது தண்டு முற்றும்போது அதை மரமாக இறுக்கும் பொருள். எந்த வயிறும் அதைச் செரிப்பதில்லை. 1960-களில் பீட்டர் வான் சோயெஸ்ட் வகுத்த சலவைக் கரைசல் முறை வந்த பிறகுதான், செரிக்கக்கூடிய நாரையும் செரிக்காத நாரையும் ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது.

முதலில் உண்பது நுண்ணுயிர்

மாடு, எருமை, ஆடு ஆகியவை அசைபோடும் விலங்குகள். இவை விழுங்குவது ரூமன் எனப்படும் முதல் இரைப்பைக்குப் போகிறது. வளர்ந்த மாட்டில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதித்தொட்டி. பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என்று கோடானுகோடி உயிர்கள் அதில் வாழ்கின்றன. புல்லின் செல்லுலோஸை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. இந்த உயிர்களிடம் இருக்கிறது. அவை உடைத்து வெளியிடும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களே மாட்டின் முக்கிய எரிபொருள். நாரிலிருந்து கூடுதலாக வரும் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. மாவுச்சத்திலிருந்து கூடுதலாக வரும் புரோப்பியானிக் அமிலம் ஈரலில் குளுக்கோஸாகி, பாலின் அளவைத் தீர்மானிக்கிறது.

புரதத்தின் கதை இதைவிட வியப்பானது. தீவனப் புரதத்தின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் அம்மோனியா வரை உடைத்து, அதிலிருந்து தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அந்த உயிர்களே அடுத்த இரைப்பைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு நுண்ணுயிர்களின் உடல்தான்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பிறக்கின்றன.

1. தீவனத்தின் உலர்பொருளில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். நார் உடையாமல் தேங்கும். வயிறு நிறைந்தே இருப்பதால் மாடு மேலும் தின்னாது. வைக்கோல் மட்டும் உண்ணும் மாடு வயிறு நிறைந்தும் மெலிவது இதனால்தான்.

2. அம்மோனியாவைப் புரதமாக்க நுண்ணுயிர்களுக்கு அதே நேரத்தில் ஆற்றல் வேண்டும். ஆற்றல் இல்லாமல் புரதத்தைக் குவித்தால், மிஞ்சும் அம்மோனியாவை ஈரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் கழித்துவிடும். விலை கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு தொழுவத்தின் தரையில் ஓடுகிறது.

3. நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே நாளில் மாறாது. புதிய தீவனத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும்.

சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலை, நுண்ணுயிர்களின் பங்குக்கு அருமையான சான்று. உலர்பொருளில் 20 சதவீதத்துக்கும் மேல் புரதம் கொண்ட இலை. ஆனால் அதில் உள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முடியை உதிர்க்கும், தைராய்டு சுரப்பியை வீங்கவைக்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் நலிந்தன. ஹவாயில் ஆடுகளோ அதையே தின்று செழித்தன. ஹவாய் ஆடுகளின் முதல் இரைப்பையில், மிமோசினிலிருந்து வரும் நச்சை உடைக்கும் பாக்டீரியா இருந்தது. அந்த இரைப்பை நீரை ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தியதும் அவையும் இலையைத் தாங்கின. 1992-இல் அந்தப் பாக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். இலை மாறவில்லை, மாட்டினம் மாறவில்லை. உள்ளே குடியிருந்தவர்கள் மாறினார்கள். ஒரு தீவனத்தின் சத்து, தீவனத்துக்குள் மட்டும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

உலர்தீவனம்

நெல் வைக்கோல், கோதுமை வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி, உலர்த்திய புல் ஆகியவை இந்த வகை. தானியப் பயிர்களின் தாளில் புரதம் 3 முதல் 6 சதவீதம். கடலைக்கொடி போன்ற பயறு வகைக் கொடிகளில் அதைப்போல் இரண்டு மடங்கு. நெல் வைக்கோலில் சிலிகா மிகுந்திருப்பதால் செரிமானம் இன்னும் குறைகிறது.

ஆனாலும் உலர்தீவனத்தை வெறும் வயிறு நிரப்பி என்று ஒதுக்குவது தவறு. நீண்ட நார்தான் மாட்டை அசைபோடவைக்கிறது. அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர் ஒரு கறவைமாட்டில் நாளொன்றுக்கு 100 லிட்டரைத் தாண்டும்; அதில் உள்ள பைகார்பனேட் முதல் இரைப்பையின் புளிப்பை முறிக்கிறது. நாரைப் பொடியாக அரைத்துப் போட்டால் அட்டவணையில் எண் மாறாது, வேலை மட்டும் கெடும்.

வைக்கோலை மேம்படுத்த எளிய வழி யூரியா ஊட்டுதல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. கச்சாப் புரதம் 7–8 சதவீதத்துக்கு உயர்கிறது. போடுமுன் சற்று நேரம் காற்றாட விட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கும், குதிரை, பன்றி, கோழிக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. யூரியா கரைத்த நீரை மாடு நேரடியாகக் குடித்தால் மரணம் சில மணி நேரத்தில் நேரலாம்.

பசுந்தீவனம்

இதில் மூன்று குடும்பங்கள் உண்டு. புல் மற்றும் தானிய வகை (மக்காச்சோளம், சோளம், கம்பு நேப்பியர்) ஆற்றலுக்கு. உலர்பொருளில் புரதம் 7 முதல் 10 சதவீதம். பயறு வகை (குதிரைமசால், வேலிமசால், தட்டைப்பயறு) புரதத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும். 16 முதல் 20 சதவீதம். மர இலைகள் (அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா) புரதத்துக்கு. 20 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும்.

எந்தப் பயிர் என்பதைவிட, எப்போது அறுக்கிறோம் என்பது பல நேரங்களில் முக்கியம். இளம் பருவத்தில் 10 சதவீதப் புரதம் கொண்ட நேப்பியர், முற்றித் தண்டு தடித்தபின் அதில் பாதிக்கு இறங்கிவிடும். வயலில் எடை கூடிக்கொண்டே போவதால் விளைச்சல் பெருகுவதாகத் தோன்றும், கூடுவது லிக்னின். எடையைப் பார்த்து அறுப்பைத் தள்ளிப்போடுபவர், வைக்கோலுக்கு இணையான ஒன்றைப் பச்சை நிறத்தில் அறுவடை செய்கிறார்.

பசுந்தீவனம் தரும் இன்னொரு கொடை கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. வெயிலில் காயக் காயக் கரோட்டின் அழிகிறது. நெடுங்காலம் வைக்கோலில் நிற்கும் மாடுகளில் சினைப்பிடிப்புக் குறைவதற்கும், பார்வைக் குறைவோடு கன்று பிறப்பதற்கும் இந்தப் பற்றாக்குறை ஒரு காரணம்.

மிகுதியான பசுந்தீவனத்தைச் சேமிக்கும் முறை சைலேஜ் என்கிற ஊறுகாய்ப்புல். பால் முற்றும் பருவத்து மக்காச்சோளத்தை, உலர்பொருள் 30–35 சதவீதம் இருக்கும்போது நறுக்கி, அழுத்தி, காற்றை வெளியேற்றி மூடினால், லாக்டிக் அமிலம் ஊறிப் புளிப்பு நிலை பிஹெச் 4-க்கு அருகே வந்து நிற்கும். பின்லாந்தின் ஆர்ட்டூரி விர்தானன் 1945-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றதில் அவருடைய தீவனப் பாதுகாப்பு முறைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சைலேஜ் சத்தைக் காக்கும், கூட்டாது. முற்றிய பயிரைப் புதைத்தால் முற்றிய பயிரே வெளியே வரும்.

அடர்தீவனமும் தாது உப்பும்

தானியங்கள் ஆற்றலுக்கு: மக்காச்சோளத்தில் மாவுச்சத்து 70 சதவீதத்தை ஒட்டியது, புரதம் 8–10 சதவீதம். பிண்ணாக்குகள் புரதத்துக்கு: சோயா 44–48, கடலை 40–45, எள் 35–40, தேங்காய் 20–22 சதவீதம். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில், தோல் நீக்கினால் 35-க்கு மேல், நீக்காவிட்டால் 25-க்குக் கீழ். இயந்திரத்தில் பிழிந்த பிண்ணாக்கில் எண்ணெய் மிஞ்சியிருக்கும். கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்ததில் எண்ணெய் குறைந்து புரதம் கூடியிருக்கும். தவிடு இடைப்பட்டது, அரிசித் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில நாட்களிலேயே காறல் வாடை பிடிக்கும். மொத்தத் தீவனத்தின் உலர்பொருளில் கொழுப்பு 6–7 சதவீதத்தைத் தாண்டினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கும்.

அடர்தீவனத்தின் ஆபத்து அதன் வேகம். மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் லாக்டிக் அமிலம் பெருகி, முதல் இரைப்பையின் பிஹெச் 5.5-க்குக் கீழே விழும். தீவனம் மறுத்தல், கழிச்சல், குளம்பு நோவு, பால் கொழுப்புச் சரிவு, கடுமையானால் மரணம். அவிழ்ந்துபோய்த் தானியக் குவியலைத் தின்ற மாடு இறப்பது இப்படித்தான்.

தாது உப்புகளில், சுண்ணாம்புச் சத்தான கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதமே முதலில் பார்க்க வேண்டியது, 1.5 அல்லது 2-க்கு 1 பொருத்தமானது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. ஒரு லிட்டர் பாலோடு ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. அப்படியானால் கன்று ஈனும் முன்பே கால்சியத்தைக் கொட்டிக் கொடுக்கலாமா? கூடாது. சினைக்காலக் கடைசி வாரங்களில் கால்சியம் மிகுந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் ஏற்பாடு உறங்கிவிடும். ஈன்றதும் திடீரெனப் பால் சுரக்கும்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து மாடு எழ முடியாமல் விழும். பால் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் அப்போது உடல் குளிர்ந்திருக்கும்.

மிகச் சிறிய அளவிலான தாதுவும் உயிரைத் தீர்மானிக்கும். தென் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் பச்சைப் புல் நிறைந்த மேய்ச்சலில் செம்மறிகள் எலும்பும் தோலுமாகச் செத்தன. 1930-களில்தான் மண்ணில் கோபால்ட் இல்லாதது காரணம் என்று தெரிந்தது. நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 செய்யக் கோபால்ட் வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

400 கிலோ எடையும் நாளுக்கு 10 லிட்டர் பாலும் உள்ள பசுவுக்கு, உடல் பராமரிப்புக்கும் பாலுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 1.22 கிலோ புரதமும் 6.4 கிலோ செரிமானச் சத்தும் வேண்டும். எடையில் 3 சதவீதத்தை ஒட்டிய உலர்பொருளை, அதாவது 12 கிலோ வரை, அது உண்ணும்.

1. 4 கிலோ வைக்கோல், 20 கிலோ பச்சை மக்காச்சோளம், 10 கிலோ பயறு வகைத் தழை கொடுத்தால் 0.73 கிலோ புரதமும் 4.9 கிலோ செரிமானச் சத்தும் கிடைத்துவிடும். மீதியை 20 சதவீதப் புரதமும் 70 சதவீதச் செரிமானச் சத்தும் உள்ள 2.5 கிலோ கலப்புத் தீவனம் ஈடுசெய்யும்.

2. பசுந்தீவனமே இல்லாமல் 8 கிலோ வைக்கோல் கொடுத்தால் 0.29 கிலோ புரதமும் 3 கிலோ செரிமானச் சத்தும்தான் சேரும். அதே பாலுக்கு 5 கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். கலப்புத் தீவனச் செலவு இரட்டிப்பு, கரோட்டினும் கிடைக்காது.

தீவனங்களின் விலையை ஒப்பிடுவதற்கும் இதே முறைதான்: மூட்டை விலையை மூட்டையின் எடையால் வகுக்காமல், அதில் உள்ள புரதத்தின் எடையாலும் செரிமானச் சத்தின் எடையாலும் வகுக்க வேண்டும்.

ஒன்றின் தீவனம் மற்றொன்றுக்கு ஆகாது

கோழியும் பன்றியும் அசைபோடுவதில்லை. நாரையும் யூரியாவையும் அவற்றால் பயன்படுத்த முடியாது. லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள் தீவனத்திலேயே இருக்க வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம்; குஞ்சுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்கான தாதுக் கலவையில் உள்ள செம்பு, செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொல்லும். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் குதிரைக்கு நஞ்சு. இறைச்சி எலும்புத்தூளை மாட்டுக்கே கொடுத்ததன் விளைவு, 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பித்துப்பிடித்த மாட்டு நோய். 1988-இல் அங்கு அசைபோடும் விலங்குகளின் புரதத்தை அசைபோடும் விலங்குகளுக்கே கொடுப்பது தடைசெய்யப்பட்டது.

தீவனம் நஞ்சாகும் இடங்கள்

இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிய சோளத்திலும் சயனைடு உருவாகும். பூக்கும் பருவம் வரும்வரை மேயவிடக் கூடாது. பனி ஈரத்தோடு இளம் குதிரைமசாலை வெறும் வயிற்றில் தின்றால் நுரை அடைத்து வயிறு உப்பும். முதலில் கொஞ்சம் வைக்கோல் கொடுப்பது காப்பு.

இவற்றைவிடக் கவலைக்குரியது பூஞ்சை. 1960-இல் பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு அது என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். பிண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கிடந்தால் இது உருவாகும். கறவைமாடு அதைத் தின்ற ஒரு நாளுக்குள், எம்1 என்ற வடிவில் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் என்பது பன்னாட்டு உணவுத் தர ஆணையத்தின் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும், கழுவினாலும், நல்லதோடு கலந்தாலும் நஞ்சு போகாது. அந்தத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களில் பால் தெளிகிறது.